ஊட்டிவிட்ட கேள்விகள்

கேள்வி கேட்பதற்குச் சம்பளம் என்றால் யார் நம்புவார்கள்? கத்தரியின் நாத்தனார் இன்றுவரை நம்பவில்லை. "ஏன் அண்ணி, உக்காந்து கேள்வி கேக்கறதுக்கு ஒரு ஆபீஸா? அதை நான் வீட்டிலேயே தினமும் பண்றேனே, எனக்கு யாரு சம்பளம் தர்றா?" என்பாள். கத்தரி சிரித்துவிட்டு விட்டுவிடுவாள். விளக்கப் போனால் பொழுது போய்விடும்.

உங்களுக்கு விளக்காமல் கதை நகராது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் ஒரு பொருள் வாங்க வேண்டுமென்றால் பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள். இப்போது போனை எடுத்து ஏஐயிடம் கேட்கிறார்கள். "முதுகுவலிக்கு எந்த மெத்தை நல்லது?" என்று கேட்டால், அது நாலைந்து கம்பெனிப் பெயரைச் சொல்லி, கூடவே ஒரு பிரசங்கமும் செய்கிறது. அந்தப் பெயர்களில் தன் பெயர் இல்லாத மெத்தைக்காரனுக்குத் தூக்கம் வருமா? நம்ம பேரைச் சொல்லுதா, எத்தனாவதா சொல்லுது, நல்லபடியா சொல்லுதா, முகத்தைச் சுளிச்சுக்கிட்டுச் சொல்லுதா என்று தெரிந்துகொள்ளத் தவியாய்த் தவிக்கிறான். அதை அளந்து சொல்வதுதான் அவளுடைய ஆபீஸின் பிழைப்பு. அளப்பதற்குக் கேள்விகள் வேண்டும். எந்தெந்தக் கேள்வியை வைத்து அளப்பது என்று பொறுக்கி எடுப்பது அவள் வேலை.

கத்தரி என்பது ஆபீஸ் வைத்த பெயர். கத்தரிக்கோலின் சுருக்கம். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆசை ஆசையாகக் கேள்வி எழுதிக்கொண்டு வந்து நீட்டினால், ஈவிரக்கம் பார்க்காமல் நறுக்கித் தள்ளிவிடுவாள். "இதை எந்த மனுஷன் வாயால சொல்லுவான்? 'ஒருங்கிணைந்த முதுகுத்தண்டு ஆதரவு'ன்னு உங்க அம்மா எப்பவாவது சொல்லியிருக்காங்களா? 'காலைல எழுந்தா குனிய முடியல'ன்னுதானே சொல்லுவாங்க? அப்ப அப்படியே எழுது."

கம்பெனியின் பெயரைக் கேள்வியில் எழுதிக்கொண்டு வந்தவன் தொலைந்தான். "பேரைச் சொல்லிக் கேட்டா அது பேரைச் சொல்லாம வேற என்ன செய்யும்? கேள்விக்குள்ளேயே பதிலை வெச்சா அதுக்குப் பேரு கேள்வி இல்ல. ஊட்டி விடறது." இன்னொன்றும் சொல்வாள். "ஒரே பக்கமா கேக்காதே. 'எது நல்லது'ன்னு கேட்டியா, 'எது வேண்டாம்'னும் கேளு. ரெண்டுக்கும் அதே பதில் வந்தா அது பதிலே இல்ல, வெறும் சத்தம்."

ஆபீஸில் இதை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். அவள் எழுந்து காபி குடிக்கப் போனால் பின்னாலிருந்து யாராவது அவள் குரலிலேயே "வெறும் சத்தம்!" என்பார்கள். அவளும் திரும்பாமலே சிரிப்பாள். அப்படி ஒரு காலம் இருந்தது.

அவளுடைய நல்ல கேள்விகளெல்லாம் எங்கிருந்து வந்தன என்பது ஆபீஸுக்குத் தெரியாது. அவள் புருஷனிடமிருந்து வந்தன. அவன் டவுன் பஸ் டிரைவர். டிப்போவில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். கண் விழித்ததிலிருந்து படுக்கும்வரை வாய் மூடாது. ஓட்டும்போது மட்டும் பேசமாட்டான். அந்த நேரத்தில் காது திறந்திருக்கும். முன்சீட்டில் உட்கார்ந்தவர்கள் போனில் யாரிடம் என்ன புலம்பினாலும் அது சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேரும்.

"இன்னிக்கு ஒரு அம்மா, மருமகளோட பேசிட்டு வர்றாங்க. வாஷிங் மெஷின் வாங்கணுமாம். என்ன கேட்டாங்க தெரியுமா? 'சத்தம் போட்டா கீழ்வீட்டுக்காரி சண்டைக்கு வருவா, சத்தமே போடாத மெஷின் எது?'ங்கறாங்க. எழுதிக்கோ, எழுதிக்கோ. உன் ஆபீஸ்ல இருக்கற படிச்ச பசங்களுக்கு ஜென்மத்துக்கும் இது தோணாது."

"மெதுவா சொல்லுங்க, எனக்கு ரெண்டு கைதானே இருக்கு."

"எனக்கு ஒரு வாய்தான். அதுவே உனக்கு மிச்சம்."

பிள்ளை குட்டி இல்லை. அந்தக் குறையைப் பேசிப் பேசியே தீர்த்துவிட்டான் என்றுதான் சொல்லவேண்டும். தரைத்தளத்தில் ஒரு வாடகை வீடு. வாசற்படி அவளுக்குக் காலை இடறியது என்று, லீவு நாளில் சிமென்ட் குழைத்துத் தன் கையால் சரிவு போட்டான். பூசிய சிமென்டில் பூனை நடந்துவிட்டது. காலடித் தடம் அப்படியே காய்ந்துபோனது. "வீட்டுக்காரரே கையெழுத்துப் போட்டுட்டாரு" என்பான்.

வெளியே கிளம்பும்போது அவனுக்கு ஒரு பழக்கம். வீட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டு, அதன்மேல் ரெண்டு தட்டுத் தட்டுவான். பிறகு செருப்பு மாட்ட உட்கார்ந்திருக்கும் அவளை எழுப்பக் கையை நீட்டுவான். "சாவி இருக்கு, பொண்டாட்டி இருக்கா. வா, கிளம்பு." கல்யாணமான நாளிலிருந்து இதே தட்டு, இதே கை, இதே வசனம். அவளுக்குச் சில நாள் எரிச்சலாகக்கூட வரும். இந்த மனுஷனுக்கு வேறு வசனமே கிடைக்காதா என்று.

ஒரு நாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் நின்றுகொண்டிருந்தான். "என்னங்க, விளையாடறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே அவள் கிட்டே வருவதற்குள் சுவரோடு சரிந்தான். அவ்வளவுதான். ரேடியோ நின்றுபோனது.

வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. உயிர் தப்பியது. பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தை மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. "ஆமா."

"நாம பேசறது அவருக்குப் பெரும்பாலும் புரியும். வார்த்தைதான் வெளிய வரல" என்றார் டாக்டர். "நீங்க பேசிக்கிட்டே இருங்க. கேள்வி கேளுங்க."

கேள்விதானே? ஊருக்கே கேள்வி எழுதித் தருகிறவள் அவள். வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

"தூங்கினீங்களா?"

"ஆமா."

"வலி குறைஞ்சிருக்கா?"

"ஆமா."

"நான் ஆபீஸ் போயிட்டு வந்துடட்டுமா? சமாளிச்சுக்குவீங்கல்ல?"

"ஆமா."

அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு அவள் பூரித்துப்போனாள். பழைய குரல், அதே கனம். நாத்தனாருக்குப் போன் செய்து, "உங்க அண்ணனுக்கு எல்லாம் புரியுது, டாண் டாண்னு பதில் சொல்றார்" என்றாள். சில சமயம் அவன் "ஆமா" சொல்லிக்கொண்டே இடது கையை விசிறி எதையோ தள்ளுவான். அவளுக்குச் சொல்லத் தெரியாத ஒரு சங்கடம் வரும். பாவம், கை அவர் பேச்சைக் கேட்க மாட்டேங்குது என்று அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துத் தடவிக்கொடுப்பாள்.

பகலில் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாளை வைத்தாள். அந்த அம்மாள் வந்த நாளைவிட வராத நாள் அதிகம். ஆபீஸில் பாதி வேலையில் பக்கத்து வீட்டிலிருந்து போன் வரும், எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடுவாள். ஒருமுறை அவள் போய்ச் சேர்ந்தபோது அவன் கட்டிலிலிருந்து விழுந்து, தரையில் ஈரத்தோடு கிடந்தான். தூக்க முடியாமல் தூக்கியதில் அவள் இடுப்பு பிடித்துக்கொண்டது. "நல்லா இருக்கீங்களா, அடி படலையே?" என்று அழுதுகொண்டே கேட்டாள். "ஆமா" என்றான்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஆபீஸுக்கு ஒரு பராமரிப்பு இல்லத்தின் வேலை வந்தது. படுத்த படுக்கையானவர்களையும் வயதானவர்களையும் தங்கவைத்துப் பார்த்துக்கொள்கிற இடம். குடும்பத்தார் ஏஐயிடம் யோசனை கேட்கும்போது தங்கள் பெயர் வருகிறதா என்று அவர்கள் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார்கள். மேலாளர் அவளைவிட எவ்வளவோ சின்னவன். காரியம் ஆக வேண்டுமென்றால் அவனுக்கு அவள் அக்கா, கோபம் வந்தால் மேடம். அன்று அக்காவாக இருந்தாள்.

"அக்கா, இது உங்க கைக்குத்தான் வரும். உங்களுக்குத் தெரியாத கஷ்டமா?"

தெரியாத கஷ்டமில்லைதான். இல்லத்தார் அனுப்பிய விளம்பரக் காகிதங்களையும் படங்களையும் வாரக்கணக்கில் படித்தாள். பிறகு கேள்விகளை எழுதினாள். "அம்மா நடுராத்திரி எழுந்து கதவைத் திறக்கறாங்க, என்ன செய்யலாம்?" "அப்பாவை வெளியாள் குளிப்பாட்டினா அவருக்கு அவமானமா இருக்குமா?" ஒவ்வொன்றையும் ஏஐயிடம் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தார்கள். இல்லத்தின் பெயர் எப்போதாவது எட்டிப் பார்த்தது. பல தடவை வரவே இல்லை. மேலாளர் கையைப் பிசைந்தான்.

கடைசியில், ஒரு மதியம், சாப்பிடப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தவள் தன் கேள்வியையே எழுதினாள். "என் கணவருக்குப் பக்கவாதம். நான் வேலைக்குப் போகணும். தரைத்தளத்துல அறை இருக்கணும், தினமும் கை கால் பயிற்சி குடுக்கணும், சாயங்காலம் மரத்தடியில உக்கார வைக்கணும். நான் நெனச்ச நேரம் போய்ப் பாக்கணும். எங்க சேர்க்கலாம்?"

இல்லத்தின் பெயர் முதலாவதாக வந்தது. மறுபடி கேட்டார்கள், மறுபடியும் முதலாவதாக. எத்தனை தடவை கேட்டாலும் அதே. மேலாளர் நாற்காலியோடு சுற்றினான். "அக்கா, கலக்கிட்டீங்க!"

அவள் கலக்கவில்லை. அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக அந்த ஏஐ சொல்வதை அவள் ஒருநாளும் தனக்கான பதிலாக எடுத்துக்கொண்டதில்லை. அளக்கிற பொருளை யாராவது வீட்டுக்கு எடுத்துப் போவார்களா? அன்று எடுத்துப் போனாள். களைத்துப்போன மனுஷிக்கு யார் ஒரு பேர் சொன்னாலும் தெய்வவாக்குதான்.

மறுநாள் காலையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, ஒரு நல்ல இடம் இருக்கு. மரமெல்லாம் இருக்கு. தினமும் பயிற்சி குடுப்பாங்க, உங்களுக்குச் சீக்கிரம் குணமாகும். நான் தினமும் வந்துடுவேன். அங்க போய் இருக்கலாமா?"

"ஆமா."

"இந்த வீட்டை விட்டுடலாமா? நான் ஆபீஸ் பக்கத்துல ஒரு ரூம் எடுத்துக்கறேன். உங்களை வந்து பாக்கறதுக்கும் அது கிட்டம். சரிதானே?"

"ஆமா. ஆமா. ஆமா!"

அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண் கலங்கச் சொன்னான். கையில் விரல் பதிந்த தடம் சாயங்காலம்வரை இருந்தது. நாத்தனார், "வீட்டை விட்டுட்டு எங்கயோ கொண்டு போய் விடறதா அண்ணி?" என்று இழுத்தபோது, கத்தரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நானா முடிவு பண்ணல. அவரையே கேட்டேன். ஒரு தடவைக்கு மூணு தடவை ஆமான்னு சொன்னார்" என்றாள்.

வீட்டைக் காலி செய்தாள். சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்தாள். அவனுடைய சாவி மட்டும் அவள் கைப்பையின் அடியில் எங்கேயோ தங்கிவிட்டது. வீட்டுக்காரரும் கேட்கவில்லை.

இல்லம் மோசமான இடமில்லை. மரம் இருந்தது, பயிற்சி இருந்தது, துவைத்த விரிப்பு இருந்தது. வேலை முடிந்ததும் நேரே அங்கேதான் போவாள். "நல்லா பாத்துக்கறாங்களா?" "ஆமா." "இந்த ஜன்னல் காத்து நல்லா இருக்குல்ல?" "ஆமா." நிம்மதியாகத் தன் மாடி ரூமுக்குத் திரும்புவாள். அவன் மெலிந்துகொண்டே வந்தது அவள் கண்ணில் படாமல் இல்லை. நோய் வந்த உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்குப் போனாள். "பசிக்குதா?" என்று கேட்டாள். "ஆமா" என்றான். பணிப்பெண் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அடுத்த அறைக்குப் போய்விட்டு வந்தாள். சாப்பாடு வைத்தபடியே இருந்தது. ஸ்பூன் அவனுடைய செத்த கைப் பக்கம் கிடந்தது. கத்தரி தண்ணீர் பிடிக்க எழுந்திருந்தாள்.

"என்ன ஐயா, இன்னிக்கும் வேண்டாமா?" என்று அந்தப் பெண் அன்பாகத்தான் கேட்டாள்.

"ஆமா."

"சரி, அப்ப எடுத்துடறேன்." தட்டை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவன் கண் அந்தத் தட்டின் பின்னாலேயே வாசல்வரை போனது.

தண்ணீர் டம்ளர் நிறைந்து வழிந்து கையை நனைத்ததை அவள் உணரவில்லை. பசிக்குதா, ஆமா. வேண்டாமா, ஆமா. வேறு யாராக இருந்தாலும் அது காதில் விழுந்தும் விழாமல் போயிருக்கும். அவளுக்கு அது அவள் தொழில். ஓடிப்போய்த் தட்டைத் திரும்ப வாங்கி வந்தாள். ஊட்டினாள். ஆவலாக ஆவலாகச் சாப்பிட்டான்.

வாயைத் துடைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள். "இந்த இடம் பிடிச்சிருக்கா?"

"ஆமா."

"பிடிக்கலையா?"

"ஆமா."

"நான் உங்க பொண்டாட்டியா?"

"ஆமா."

அடுத்ததைக் கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை. கேட்டுத்தானே ஆக வேண்டும்? "நான் உங்க பஸ்ஸா?"

"ஆமா" என்றான், அதே கனத்தோடு. சொன்னபின் அவன் முகம் சுருங்கியது. தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. இடது கையால் காற்றைத் தள்ளித் தள்ளி, "ஆமா, ஆமா, ஆமா!" என்றான். தள்ளுகிற அந்தக் கையைத்தான் இத்தனை நாளும் அவள் பிடித்துப் பிடித்து மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். அவனுக்கு இருந்த ஒரே 'இல்லை' அந்தக் கைதான்.

படுபாவி, படுபாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு வெளியே வந்து, மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தூங்கினீங்களா, வலி குறைஞ்சிருக்கா, போகலாமா, விட்டுடலாமா. அத்தனையும் ஊட்டிவிட்ட கேள்விகள். ஆபீஸில் ஒரு பயல் இப்படி ஒன்றே ஒன்று எழுதிக்கொண்டு வந்திருந்தால் கிழித்து எறிந்திருப்பாள். கட்டின புருஷனிடம் ஒரு தடவையாவது மறுபக்கம் கேட்டாளா? வீட்டை விடலாமா என்று கேட்டவள், வீட்டிலேயே இருக்கலாமா என்று கேட்டாளா? கேட்டிருந்தால் அதற்கும் ஆமா என்றிருப்பான், அப்போதே உண்மை தெரிந்திருக்கும். அவளுக்கு வேண்டிய பதிலைக் கேள்விக்குள் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, அதையே அவன் கொடுத்ததாக வாங்கி வைத்துக்கொண்டாள். கண்ணீரோடு மூன்று ஆமா! மணிக்கட்டை அந்த இறுக்கு இறுக்கினானே, அது சம்மதமா, கெஞ்சலா? அதை இனி யாரிடம் போய்க் கேட்பது?

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனதும் முதல் வேலையாகப் பழைய வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். "அடடா, அங்க வேற ஆள் வந்தாச்சேம்மா. சின்னக் குழந்தைங்க இருக்கற குடும்பம். பூட்டெல்லாம்கூட மாத்திட்டாங்க. ஏன், ஏதாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?" என்றார் அவர், நல்ல மனுஷர். "ஒண்ணுமில்லைங்க" என்று வைத்துவிட்டாள்.

பிறகு தன்னுடைய அந்தப் பிரமாதமான கேள்வியைத் திறந்து படித்தாள். தரைத்தளத்துல அறை. தினமும் பயிற்சி. மரத்தடி. நெனச்ச நேரம் போய்ப் பாக்கணும். இல்லத்தின் விளம்பரக் காகிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். வரிக்கு வரி அதே. பெயரை மட்டும்தான் எழுதவில்லை; மூக்கு, முழி, காது எல்லாவற்றையும் எழுதியிருந்தாள். அப்புறம் ஏஐ அந்தப் பெயரைச் சொல்லாமல் என்ன செய்யும்? அவளுக்கே தெரியாமல் ஏஐக்கும் ஊட்டிவிட்டிருந்தாள். அது திருப்பி ஊட்டியதைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தாள். அந்தக் கேள்வியை நறுக்கிப் போட்டாள்.

மேலாளர் பதறிக்கொண்டு வந்தான். "மேடம், என்ன பண்ணிட்டீங்க? நம்ம ரிப்போர்ட்லயே நல்லா இருந்தது அது ஒண்ணுதான்!"

"அது பதில் இல்ல தம்பி. வெறும் சத்தம்."

பின்னாலிருந்து யாரும் அவள் குரலில் திருப்பிச் சொல்லவில்லை. அவள் முகம் அப்படி இருந்தது.

வேலை ஓடவில்லை. ஒரே ஒரு கேள்வியைத்தான் அன்றைக்கெல்லாம் மனசில் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தாள். என்ன வேணும் என்று அவனை எப்படிக் கேட்பது? வாயால் கேட்டால் ஆமா. ரெண்டு படத்தைக் காட்டித் தொடச் சொன்னால், அந்த ரெண்டும் அவள் பொறுக்கிய ரெண்டுதானே? அவன் மனசில் இருப்பது மூன்றாவதாக இருந்தால்? அவள் எதையும் பொறுக்கக் கூடாது. அவளுக்குப் பொறுக்க மட்டும்தான் தெரியும்.

வெயில் சாய்வதற்கு முன்பே இல்லத்துக்குப் போய்விட்டாள். அவன் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எப்போதும் போல வாயில் வந்த "நல்லா இருக்கீங்களா"வை அப்படியே விழுங்கிக்கொண்டாள். எதிரே உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். வருஷக்கணக்காக அதில் சேராத சாமான் இல்லை. "உன் பையில ஒரு பஸ்ஸே நிக்கும்" என்று அவன் கேலி செய்வான். அதை அப்படியே அவன் முன்னால் கொட்டிவிடுவது, எதையும் எடுக்காமல், எதையும் சேர்க்காமல். அவளுக்குத் தோன்றிய ஒரே வழி அதுதான்.

கொட்டுவதற்கு முன்னால் கையை உள்ளே விட்டாள். அடியில் விரலுக்கு அந்தச் சாவி தட்டுப்பட்டது. இதை மட்டும் எடுத்துவிட்டால்? மீதியில் அவன் எதை எடுத்தாலும் கொடுத்துவிடலாம். சீப்பை எடுத்தால் தலை வாரிவிடலாம். போனை எடுத்தால் தங்கையைக் கூப்பிட்டுக் கொடுக்கலாம். மிட்டாயை எடுத்தால் பிரித்து வாயில் போடலாம். இதை எடுத்தால் என்ன செய்வது? உள்ளங்கைக்குள் சாவியை இறுக்கிக்கொண்டாள். வரக்கூடாத பதிலைக் கேள்வியிலிருந்து உருவிவிட்டு அளக்கிறவனை அவள் என்னவெல்லாம் சொல்லித் திட்டியிருக்கிறாள்! கையை விரித்தாள். சாவி பைக்குள் விழுந்தது.

பையைக் கவிழ்த்தாள். சீப்பு, கண்ணாடிக்கூடு, ஆபீஸ் அட்டை, மாத்திரைப் பட்டை, குடை, பேனாக்கள், போன், மிட்டாய், சில்லறை, பாதி தேய்ந்த உதட்டுச் சாயம், கர்ச்சீப், எல்லாம் விரிப்பின்மேல் குவிந்தன.

"என்ன வேணும்?" என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

அவன் குவியலைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "ஆமா" என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நிறுத்தினான். அவன் நிறுத்தி அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. இடது கை மெல்ல வந்து சீப்பைத் தொட்டது, விலக்கியது. போனைத் தொட்டது. எடுங்க, எடுங்க, அதை எடுங்க என்று மனசுக்குள் கத்தினாள். கை போனைத் தள்ளிவிட்டு, குடையை நகர்த்தி, கர்ச்சீப்பைப் புரட்டியது. கீழே கிடந்த சாவியைக் கண்டதும், எத்தனையோ நாளாகத் தேடினவன் போல "ஹா" என்றான்.

பல தடவை நழுவியபின் அதை எடுத்தான். இடது கையால் இடது பக்கச் சட்டைப்பைக்குள் ஒரு பொருளைப் போடுவது அவனுக்கு லேசான காரியமில்லை. அவள் உதவி செய்யவில்லை, செய்யும் தைரியம் இல்லை. சாவி பைக்குள் இறங்கியது. அதன்மேல் ரெண்டு தட்டுத் தட்டினான்.

முகமெல்லாம் ஒரு பக்கமாகச் சிரிப்பு. பக்கவாதம் வந்த பிறகு அவன் சிரித்து அவள் பார்க்கவே இல்லை. அந்தச் சிரிப்போடு அவளை எழுப்புவதற்காகக் கையை நீட்டினான். வசனம் மட்டும் வரவில்லை. அது அவளுக்குக் கேட்டது.

அவள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. பிடித்தால் அதுவும் ஒரு பொய் ஆகிவிடும்.

"அந்த வீடு இப்ப நம்மளது இல்லைங்க" என்றாள். "வேற ஆளுங்க இருக்காங்க. பூட்டையும் மாத்திட்டாங்க. நீங்க சரின்னு சொன்னதா நெனச்சு, நான்தான் குடுத்துட்டேன். நான்தான்."

"ஆமா" என்றான் அவன்.

நீட்டிய கையை அவன் மடக்கவில்லை.